நிலைப்படி தாண்டும் வரை

அமுக்கு, விடு. விட்டதும் பை தானாக உப்பிக்கொள்ளும், அதைப்பற்றி நீ கவலைப்பட வேண்டாம், அமுக்குவதை மட்டும் மறக்காதே என்று பியூலா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், நேற்றுச் சேர்ந்த பயிற்சிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல. தீவிர சிகிச்சை வார்டில் பாதி ஆயுளைக் கழித்த நர்சுக்கு இது தெரியாதா என்ன. ஆனால் ஆஸ்பத்திரியில் இந்த மூச்சுப்பையைக் கையில் எடுத்தால் மிஷினைக் கொண்டுவந்து மாட்டுகிற வரைக்கும்தான். இப்படி ஓடுகிற ஆம்புலன்சுக்குள் உட்கார்ந்து, ஒரு மனுஷியின் மூச்சை வழியெல்லாம் கையால் போட்டுக்கொண்டே போவது வேறு விஷயம். பையின் மறுமுனையிலிருந்த குழாய் சண்முகவடிவு அம்மாளின் வாய்க்குள் போயிருந்தது. பியூலா அமுக்கினால் அந்த நெஞ்சு ஏறும், விட்டால் இறங்கும். வலது கை பையில், இடது கையின் இரண்டு விரல் அந்த அம்மாளின் கழுத்தில். விரலுக்கடியில் நாடி இருந்தது. இருக்கிறேன், ஆனால் என்னை நம்பாதே என்கிற மாதிரி இருந்தது. முன்னீர்பள்ளம் போய்விட்டது, கோபாலசமுத்திரம் போய்விட்டது, பட்டப்பகல், கண்ணாடியில் பாதிக்கு வெள்ளைப் பூச்சு, பூசாத மேல்பக்கத்தில் தென்னைமரத்து உச்சிகளும் கரண்டுக் கம்பிகளும் மட்டும் பின்னால் ஓடின. எதிர் இருக்கையில் மகன் ஆவுடையப்பன் அம்மாவின் பாதம் இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு குனிந்திருந்தான். "அம்மா இருக்காளா, சிஸ்டர்?" என்று கேட்டான். புறப்பட்டதிலிருந்து எத்தனை தடவை கேட்டுவிட்டான் என்று கணக்கில்லை. "இருக்காங்க" என்றாள் பியூலா. சரி என்று தலையை ஆட்டிவிட்டு அடுத்த வேகத்தடையில் திரும்பவும் கேட்டான். ஆமாம், இருக்கிறாள், நீ இப்படிக் கேட்டுக்கொண்டே இருந்தால் எனக்குத்தான் மூச்சு நின்றுவிடும் என்று எரிச்சல் வந்தது, வந்த கையோடு பாவமாகவும் இருந்தது.

காலையில் பெரிய டாக்டர் அவனை நிற்கவைத்தே சொல்லிவிட்டார். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, மிஷின்தான் மூச்சு விடுகிறது, வீட்டுக்குக் கொண்டுபோகிறதென்றால் கொண்டுபோங்கள், கூட ஒரு சிஸ்டரை அனுப்புகிறோம். நெஞ்சை அமுக்கி எழுப்புகிற வேலையெல்லாம் இனிமேல் வேண்டாம் என்று அப்போதே பேசி முடித்தாயிற்று. அவன் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான், "வீடு போற வரைக்கும் தாங்குமா?" டாக்டர் மேலே கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். மேலே என்ன இருக்கிறது, மின்விசிறிதான் இருக்கிறது. வண்டியில் ஏறும்போது சூப்பர்வைசரம்மா பியூலாவைத் தனியாகக் கூப்பிட்டு, "வழியில போயிட்டா வண்டியத் திருப்பிரணும், என்ன? உசுரில்லாமக் கொண்டுபோயி அவங்க வீட்டு வாசல்ல நின்னு வம்புல மாட்டிக்கிடாத" என்றாள். சரி மேடம். சரி மேடம் என்று சொல்லுகிற வாய்க்கு எதற்கும் யோசனை கிடையாது. ஆனால் அந்த வீட்டு வாசலைப்பற்றிச் சூப்பர்வைசரம்மாவுக்குத் தெரியாது, பியூலாவுக்குத் தெரியும். குழாய் போடுவதற்கு முந்தி, பேச்சிருந்த நாட்களில், சண்முகவடிவு அம்மாள் அந்த வார்டையே இரண்டாக்கிக்கொண்டிருந்தாள். ஊரில் மாவு மில் வைத்து அவளே நின்று ஓட்டினவள், மில் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசித் தொண்டை அப்படி ஆகிவிட்டது. ரகசியம் சொன்னால்கூட நாலு கட்டிலுக்குக் கேட்கும். "ஏ வெள்ளச்சட்ட, இங்க வா" என்றுதான் கூப்பிடுவாள். ஒருநாள் உடம்பு துடைத்துவிடும்போது சொன்னாள். அவள் புருஷன் நெஞ்சுவலிக்கு வைத்தியம் பார்த்துவிட்டு பஸ்ஸில் ஊர் திரும்புகையில் வழியிலேயே சாய்ந்துவிட்டாராம். வெளியே போன உயிர், உடம்பை வீட்டுக்குள் கொண்டுவரக்கூடாது என்று நிலைப்படியிலேயே மறித்துவிட்டார்களாம். மறித்தது வேறு யாருமில்லை, அவருடைய கூடப்பிறந்த தங்கச்சி பிரமு. தெருவில் பெஞ்சைப் போட்டுக் கிடத்தியிருக்கிறார்கள். ஐப்பசி மாசம், மழை பிடித்துக்கொண்டது. போட்ட பந்தல் ஒழுகியது. "விடிய விடிய நான் குடையப் பிடிச்சிக்கிட்டு நின்னேன் சிஸ்டர். அவரு கல்லு சுமந்து கட்டின வீடு. உள்ள வெளக்கு எரியுது, அவரு தெருவுல நனையுதாரு. என்னையும் அப்படிப் போட்டுராதல மவனேன்னு இவங்கிட்டச் சொல்லி வச்சிருக்கேன்." சொல்லிவிட்டு, முதுகை இன்னும் கொஞ்சம் அழுத்தித் துடை, உனக்கென்ன கையில் பெலனே இல்லையா என்று வைதாள்.

கையில் பெலன். அமுக்கு, விடு. கட்டைவிரலுக்கு அடியில் சதை இறுகிக்கொண்டு வந்தது, கை மாற்ற வேண்டும், ஆனால் கை மாற்றினால் கழுத்தை விட வேண்டும், கழுத்தை விட மனசு வரவில்லை. வலியை மறக்க எதையாவது நினை. காலையில் புட்டுக்கு மாவு இல்லையென்று மகளைக் கடைக்கு விரட்டியது ஞாபகம் வந்தது. கடை மாவெல்லாம் மாவா, நான் எழுந்து வந்து உனக்குப் புட்டுமாவு திரித்துத் தருகிறேன், ஒருநாள் தின்றுபார், அப்புறம் சர்ச்சுக்குப் போகிறவள் என் மில்லுக்கு வந்து கும்பிடுவாய் என்று இந்த அம்மாள் சொன்னதும் ஞாபகம் வந்தது. அப்பா இருந்தால் அந்தக் கேலிக்கு முகத்தைச் சுளித்திருப்பார். சர்ச்சு உபதேசியார் வீடு, கேலி ஆகாது, பொய் அறவே ஆகாது. சின்ன வயசில் ஒருதடவை, அப்பா அசந்து தூங்குகிறாரே என்று, வாசலுக்கு வந்த ஆளிடம் அப்பா இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அது அவர் காதில் விழுந்துவிட்டது. அந்த ஆளைப் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடிப்போய்க் கூட்டிக்கொண்டு வரச்செய்தார். மூச்சு வாங்க அவள் இழுத்துக்கொண்டு வந்த மனுஷனுக்கு அப்படியொன்றும் முக்கியமான ஜோலியும் இல்லை, சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருந்தாராம். அதிலிருந்து பொய் சொல்ல வேண்டிய இடம் வந்தாலே அவளுக்கு அந்தப் பஸ் ஸ்டாண்டு ஓட்டம்தான் நெஞ்சில் அடிக்கும். இப்போதும் அடித்தது. ஏன் அடிக்கிறது, இன்னும் ஒரு பொய்யும் சொல்லவில்லையே, இருக்கிறார்கள் என்று சொன்னபோதெல்லாம் இருந்தார்களே. விரலைக் கொஞ்சம் நகர்த்தினாள். வண்டி பள்ளத்தில் இறங்கி ஏறியது. குலுக்கலில் தெரியவில்லை. பத்தமடையில் தெரிந்ததே, நன்றாகத் தெரிந்ததே. திரும்பவும் நகர்த்தினாள். ரோடு குலுக்குகிறது, அதனால்தான். நல்ல ரோடாகப் பார்த்துப் போகச்சொல்ல வேண்டும். அப்போதுதான் சேரன்மகாதேவி தாண்டி ரயில்வே கேட் அடைத்திருந்தது. டிரைவர் இசக்கி பிரேக்கைப் போட்டு, இரண்டு தரம் சைரனை அலறவிட்டுப் பார்த்தான். கேட்டுக்கு ஆம்புலன்சாவது ஒன்றாவது. சைரனை நிறுத்தி இஞ்சினையும் அணைத்தான். எல்லாம் அடங்கிவிட்டது. பக்கத்தில் ஒருத்தர் நுங்கு நுங்கு என்று கூவுவது கேட்டது, பைக்கில் வந்த ஆள் ஒருவன் கண்ணாடி வழியாக எட்டிப்பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். குலுக்கல் இல்லை. சத்தம் இல்லை. இனி ரோட்டைக் குறை சொல்ல வழியில்லை. பியூலா விரலைப் பழைய இடத்திலேயே வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கவனித்தாள். இல்லை. கழுத்தின் அந்தப் பக்கம் வைத்தாள். இல்லை. திரும்ப இந்தப் பக்கம். அவளுடைய விரல் நுனியில் அவளுடைய நாடிதான் திக் திக் என்று அடித்தது, அதை ஒரு நிமிஷம் அந்த அம்மாளுடையது என்று நம்பி சந்தோஷப்பட்டாள், அப்புறம்தான் அது தன்னுடையது என்று புரிந்தது. சண்முகவடிவு அம்மாள் போய்விட்டாள். கேட் அடைத்துக் கிடக்கிற ஒரு ரோட்டில், ஒரு ரயிலுக்காகக் காத்துக் கிடக்கிற நேரத்தில் போய்விட்டாள். பியூலாவின் வலது கை அமுக்கியது, விட்டது. நெஞ்சு ஏறியது, இறங்கியது.

இப்போது சொல்ல வேண்டும். "அண்ணே, அம்மா போயிட்டாங்க" என்று சொல்ல வேண்டும், இத்தனை வருஷமாக எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறாள், தோளைத் தொட்டுச் சொல்லியிருக்கிறாள், கண்ணைப் பார்த்துச் சொல்லியிருக்கிறாள், சொன்ன பிறகு தண்ணீர் கொடுத்து உட்காரவைத்திருக்கிறாள், அதெல்லாம் அவளுக்குக் கைவந்த வேலை. சொன்னால் இசக்கி வண்டியைத் திருப்புவான். வந்த வழியே பத்தமடை, கோபாலசமுத்திரம், முன்னீர்பள்ளம், பின்கட்டுப் பிணவறை, நாளைக்கோ எப்போதோ ஒரு கறுப்பு வண்டி, அப்புறம் தெருவில் பெஞ்சு. திருப்பாவிட்டாலும் தெருவில் பெஞ்சுதான். வீட்டு நிலைப்படியில் பிரமு அத்தை நிற்பாள். சொந்த அண்ணனையே நனையவிட்டவள் அண்ணன் பொண்டாட்டிக்கா வழிவிடப் போகிறாள். ரயில் தடதடவென்று ஒவ்வொரு பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது, இந்த ரயில் முடிவதற்குள் சொல்லிவிடுகிறேன் என்று நினைத்தாள், முடிந்துவிட்டது. கேட் ஏறியது. "யக்கா, போவலாமா? ஒண்ணும் பிரச்சன இல்லல்லா?" என்று முன்னாலிருந்து இசக்கி கேட்டான். "போ, இசக்கி" என்றாள். போ என்றால் போ என்றுதான் அர்த்தம். பிரச்சினை இல்லை என்று அவள் சொல்லவில்லையே. அதுவரைக்கும் வாய் சுத்தம். கைதான் பொய் சொல்கிறது, வாய் இன்னும் சொல்லவில்லை. ஆனால் இந்த நியாயமெல்லாம் எத்தனை நேரத்துக்கு? அவன் கேட்பான். அடுத்த வேகத்தடையில் தலையை நிமிர்த்தி அம்மா இருக்காளா சிஸ்டர் என்று கேட்பான், அப்போது அவள் அவன் முகத்துக்கு நேராக இரண்டில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேட்டால் உள்ளதைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். கேட்டால்தான். கேட்கிற மனுஷனிடம் இல்லாததைச் சொல்ல முடியாது, அவன் அம்மா, அவனுக்குத் தெரிய உரிமை உண்டு, தெரிந்த பிறகு திருப்புவதா போவதா என்று அவனே சொல்லட்டும். வேகத்தடை வந்தது. வண்டி தூக்கிப் போட்டது. ஆவுடையப்பன் தலையை நிமிர்த்தினான். பியூலா சொல்லத் தயாரானாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, அம்மா முகத்தைப் பார்த்தான். "யம்மா, வீரவநல்லூர் வந்துட்டும்மா. இன்னா, வந்தாச்சு" என்றான், அவ்வளவுதான். இதுவரைக்கும் உயிரை வாங்கினானே, இப்போது கேட்கத் தெரியாதா, கேளேன், கேட்டுத் தொலையேன் என்று அவன்மேல் அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. அவன் வழியெல்லாம் அம்மாவோடு பேசிக்கொண்டு வந்தான். இந்தா பாரு, நம்ம மில்லுக்கு பெல்ட்டு வாங்குற கடை. இந்தா கால்வாயில தண்ணி விட்டுருக்கான். ஒரு பிணத்தோடு பேசிக்கொண்டிருக்கிறான், இவனிடம் நான் அதை மறைத்துக்கொண்டிருக்கிறேன், இவன் பிற்பாடு தெரிந்துகொண்டால் என்னை என்ன சொல்லித் திட்டுவான், ஆஸ்பத்திரிக்கு வந்து நின்று சத்தம் போட்டால் சூப்பர்வைசரம்மா என்ன செய்வாள், வேலை போகுமா, வேலை போனால் போகிறது, அதுகூட இல்லை, செத்தவளை விடாமல் ஊதிக்கொண்டிருக்கிறேனே, இது பாவமில்லையா, அந்த அம்மாளைச் சும்மா விட வேண்டாமா. நெற்றியிலிருந்து வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, துடைக்கக் கை இல்லை. இந்த அம்மாளுக்கு வாய் இருந்தால் இப்போது என்ன சொல்லுவாள்? மூதி, முழிச்சிக்கிட்டு இருக்காம அமுக்குட்டீ என்றுதான் சொல்லுவாள், வேறென்ன சொல்லப்போகிறாள். அதை நினைத்ததும் இன்னும் அழுத்தி அமுக்கினாள். கண் மூடியிருந்த அந்த முகத்தைப் பார்த்தாள். உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. கழுத்தில் வைத்திருந்த கையை எடுத்து, சேலைத் தலைப்பைக் கொஞ்சம் இழுத்து மோவாய்வரைக்கும் போர்த்திவிட்டாள். யாருக்குத் தெரியாமல் இருக்க அப்படிச் செய்தாள் என்று யோசித்தபோது தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

வண்டி மெயின் ரோட்டைவிட்டு உள்ளே திரும்பியது. தெருக்கோடியில் மில், கதவு சாத்தியிருந்தது. அதற்கு நாலு வீடு தள்ளி வாசலில் கூட்டம். பின்கதவை யாரோ வெளியிலிருந்தே இழுத்துத் திறந்தார்கள், வெயிலும் ஜனமுமாக உள்ளே பாய்ந்தது. முன்னால் நின்ற ஒல்லியான வயசான மனுஷி, நரைத்த தலையை இழுத்து முடிந்திருந்தாள், அவள்தான் பிரமு என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. எடுத்த எடுப்பில், "மூச்சு இருக்கா?" என்றாள். பியூலாவைப் பார்த்துத்தான் கேட்டாள். வந்துவிட்டது, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓட வேண்டிய இடம் வந்தேவிட்டது. பியூலா வாயைத் திறந்தாள். "இருக்கு அத்த. அமுத்திக்கிட்டுதான வாராவ, தெரியலயா? வழிய விடுங்க" என்று ஆவுடையப்பன் உரக்கச் சொல்லிவிட்டு ஸ்டிரெச்சரின் தலைப்பக்கத்தைத் தூக்கினான். இசக்கி கால்பக்கம், பக்கத்து வீட்டு ஆட்கள் இருவர் நடுவில். ஆக்சிஜன் சிலிண்டர் வண்டியோடு இருந்தது, அதன் குழாயைப் பையிலிருந்து பிடுங்கிவிட்டு வெறும் காற்றை அமுக்கிக்கொண்டே இறங்கினாள், ஆக்சிஜன் இல்லாமல் அந்த அம்மாளுக்குக் குறைந்துவிடுமே என்று பழக்கதோஷத்தில் மனசு பதறியது, யாருக்குக் குறையப்போகிறது என்று உடனே உறைத்தது. பக்கவாட்டில் நடந்தாள். வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டுமே என்று ஒரு காலை உதறினாள், மற்றது வரமாட்டேன் என்றது, அதையும் உதறிவிட்டு, குனிந்து, ஒரு கையால் பையும் மறுகையால் குழாயுமாக, இடுப்பு நிலைக்கதவில் இடிக்க, நுழைந்தாள். பிரமு நிலைப்படியை ஒட்டி நின்று ஒவ்வொரு அடியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நெஞ்சு ஏறியது. இறங்கியது. நிலைப்படி தாண்டிவிட்டது.

உள்ளே பட்டாலைக் கூடத்தில் தெற்கே தலைவைத்துக் கிடத்தினார்கள். கூட்டம் சுவரோரமாக ஒதுங்கி நின்றது. ஒருத்தி டம்ளரில் பால் கொண்டுவந்தாள். வாயில் குழாய் இருந்ததால் ஊற்ற வழியில்லை, ஆளுக்கொரு சொட்டு விரலில் தொட்டு உதட்டோரம் வைத்தார்கள். ஆவுடையப்பனும் வைத்தான். பிறகு அவன் பியூலாவுக்கு எதிரே முழங்காலிட்டு உட்கார்ந்தான். "போதும் சிஸ்டர். நிறுத்திருங்க" என்றான். பியூலா சரி என்று தலையை ஆட்டினாள். கை நிற்கவில்லை. அமுக்கு, விடு. நிறுத்து என்று அவள் சொல்லத்தான் செய்தாள், கைக்குக் கேட்கவில்லை. வழியெல்லாம் நிறுத்தாதே நிறுத்தாதே என்று சொல்லிச் சொல்லி இப்போது அது வேறு எதற்கும் மசியாத நிலைமைக்கு வந்துவிட்டது. அவள் நிறுத்தினால் நெஞ்சு ஏறாது, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, அவள் கையால். முடியவில்லை. ஆவுடையப்பன் பையின்மேல் இருந்த அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான், குழந்தை கையிலிருந்து சாமானை வாங்குவதுபோல மெதுவாக. பிரிக்கும்போது குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படியாகச் சொன்னான். "கேட்டுல நீங்க கழுத்துல வெரல மாத்தி மாத்தி வச்சீங்கல்லா. அப்பவே தெரிஞ்சுட்டு சிஸ்டர். கேட்டா நீங்க சொல்லணும்லா. அதான் நான் பொறவு கேக்கல."

பை அவன் கைக்குப் போய்விட்டது. நெஞ்சு ஏறவில்லை. ஒருத்தரும் இன்னும் அழ ஆரம்பிக்கவில்லை, எல்லோரும் பிரமுவைப் பார்த்தார்கள். பிரமு வந்து உட்கார்ந்து, சேலைக்கு வெளியே கிடந்த சண்முகவடிவு அம்மாளின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். அந்தக் கை எப்படி இருக்கும் என்று பியூலாவுக்குத் தெரியும், கேட்டிலிருந்து அது ஆறிக்கொண்டே வந்திருக்கிறது. எத்தனையோ சாவைக் குளிப்பாட்டின கிழவி, அவளுக்கு மட்டும் தெரியாதா. பிரமு கையை விடாமல் தலையை நிமிர்த்தி, தெருவில் நிற்கிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி, "தாயி, நீ சொல்லு. நீதான கூட இருந்தவ. இவ நெலப்படி தாண்டி உள்ள வந்துதான போனா?" என்று கேட்டாள்.

ஆவுடையப்பன் சட்டென்று வாயெடுத்தான். "நீ சும்மா இருல. அந்தப் புள்ள சொல்லட்டும்" என்று பிரமு அவனை அடக்கினாள். பியூலாவுக்கு ஓட வேண்டும்போல் இருந்தது. கிழவியின் கண் அவளை விட்டு நகரவில்லை. அதில் சந்தேகம் இருக்கும் என்றுதான் பியூலா நினைத்தாள், சந்தேகம் இல்லை, கிழவி பயந்துபோயிருந்தாள், இவள் வேறு என்னவாவது சொல்லிவிடுவாளோ என்று பியூலாவின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமா ஆச்சி" என்றாள் பியூலா. மில் ஓடுகிற இடத்தில் பேசுகிற மாதிரி அவ்வளவு சத்தமாக அவள் அதுவரைக்கும் எங்கேயும் பேசினதில்லை. "உள்ள வந்துதான் போனாங்க. இப்பதான்."

"கேட்டுக்கிட்டீங்களா எல்லாரும்?" என்று பிரமு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னாள். அப்புறம் அந்தக் கையை முகத்தோடு சேர்த்து வைத்துக்கொண்டு, "மதினி, நீயாவது உள்ள வந்துட்ட, எங்கண்ணன நாந்தான வெளிய போட்டேன்" என்று அழத் தொடங்கினாள்.